ஃபார்ம்.டி ஆறாம் வருஷ வார்டு போஸ்டிங்: ஜூனியர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் ஃபார்ம்.டி, அதாவது ஆறு வருஷ மருந்தியல் படிப்பின், புது பேட்ச் வார்டுக்குள் கால் வைக்கும் வாரத்தில் என் வாட்ஸ்அப்பில் அதே பதினாறு கேள்விகள் வந்து விழும். முதல் இரண்டு வருஷம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கொண்டிருந்தேன். அப்புறம் வாய்ஸ் நோட். இப்போது அதுவும் முடியவில்லை, அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை நீங்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, ஆறாம் வருஷம்னா கிளாஸே கிடையாதா? முழுக்க ஆஸ்பத்திரிதானா?

ஆமாம், முழுக்க ஆஸ்பத்திரிதான். ஃபார்ம்.டி படிப்பை நம் நாட்டில் கொண்டு வந்தது பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 விதிமுறைகள். அதன்படி ஐந்து வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. அந்த ஒரு வருஷத்தை விதியிலேயே 'இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அதனால் இரண்டு பெயரையும் கேட்பீர்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

பி.ஃபார்ம் முடித்துவிட்டு மூன்று வருஷ ஃபார்ம்.டி சேர்ந்தவர்களுக்கும் கடைசி வருஷம் இதேதான். ஒரே வார்டில், ஒரே ரோஸ்டரில்தான் போடுவார்கள்.

எந்தெந்த டிபார்ட்மென்ட் போடுவாங்க? நாமளே கேட்டு வாங்கலாமா?

ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதத்தில் வேறு மூன்று சிறப்புப் பிரிவுகள், ஒவ்வொன்றும் இரண்டு மாதம். விதி அவ்வளவுதான் சொல்கிறது. அந்த மூன்று எவை என்பது உங்கள் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது, எந்த யூனிட் சீஃப் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. வழக்கமாக குழந்தைகள் பிரிவு, அறுவை சிகிச்சை, மகப்பேறு, இதயம், நரம்பியல், சிறுநீரகம், ஐ.சி.யூ. இவற்றில் எதையாவது போடுவார்கள்.

கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் 'ஈஸியான போஸ்டிங்' என்று கேட்டு வாங்காதீர்கள். என் பேட்ச்சில் எல்லோரும் தோல் பிரிவுக்கு அடித்துக்கொண்டோம், சிறுநீரகப் பிரிவுக்கு ஆளே இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது என் தலையில் விழுந்தது. இன்றைக்கு என் சாப்பாட்டுக்கு வழி காட்டுவது அந்த இரண்டு மாதம்தான்.

அஞ்சாம் வருஷமே தினமும் ரவுண்ட்ஸ் போயாச்சே, இதுல புதுசா என்ன இருக்கு?

இரண்டாம், மூன்றாம், நான்காம் வருஷங்களில் வருஷத்துக்கு ஐம்பது மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அது எட்டிப் பார்க்கிற வேலை. ஐந்தாம் வருஷ கிளர்க்‌ஷிப்பில் காலை அரை நாள் வார்டு, மதியம் கிளாஸ். அப்போது நீங்கள் பார்த்த கேஸ் எல்லாம் பரீட்சைக்கான கேஸ். நல்ல கேஸாகத் தேடி எடுப்பீர்கள், நோயாளி டிஸ்சார்ஜ் ஆனாலும் கவலையில்லை, ரிப்போர்ட் எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

ஆறாம் வருஷத்தில் ஒதுக்கப்பட்ட படுக்கைகள் உங்கள் பொறுப்பு. கேஸ் சுவாரசியமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பன்னிரண்டாம் பெட் உங்களுடையது என்றால் உங்களுடையதுதான், நாளைக்கும் அவரைப் பார்க்க வேண்டும். நேற்று சொன்ன விஷயம் நடந்ததா என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காலையில எத்தனை மணிக்குப் போகணும்? ரவுண்ட்ஸ்ல சும்மா நிக்கிற மாதிரியே இருக்கு.

ரவுண்ட்ஸ் ஒன்பது மணிக்கு என்றால் நீங்கள் ஏழே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். இரவு என்ன மருந்து மாறியது, எந்த டோஸ் கொடுக்காமல் விட்டுப்போனது, லேபிலிருந்து என்ன வந்திருக்கிறது, இதெல்லாம் ரவுண்ட்ஸுக்கு முன்னால் தெரிந்திருந்தால்தான் வாயைத் திறக்க முடியும். ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நின்று ஃபோன் பார்க்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, தயார் செய்யாமல் வந்தவர்கள். யார் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாதபோது வேறு என்னதான் செய்வது?

ஒரு சின்ன விஷயம். இரவு டியூட்டி முடித்துப் போகும் சிஸ்டரிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். 'நேத்து அந்த ஏழாம் பெட் தாத்தா மாத்திரையைத் துப்பிட்டார்' என்பது கேஸ் ஷீட்டில் இருக்காது.

கேஸ் ஷீட்டைத் திறந்தா தலை சுத்துது. முதல்ல எதைப் பார்க்கணும்?

வயது, எடை, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை). இந்த மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மருந்துப் பட்டியலுக்குப் போக வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பாட்டி. வயது 68, எடை 48 கிலோ, கிரியாட்டினின் 1.8. பார்த்தால் 'கொஞ்சம் கூட இருக்கு' என்று தோன்றும், அவ்வளவுதான். இப்போது கிட்னி வேலை செய்யும் வேகத்தைக் கணிக்கும் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தைப் போடுங்கள். 140-ல் 68 போனால் 72. அதை 48-ஆல் பெருக்கினால் 3456. அதை 72-ஐ 1.8-ஆல் பெருக்கி வரும் 129.6-ஆல் வகுத்தால் 26.7 சொச்சம். பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், வருவது நிமிஷத்துக்கு 23 மி.லி.க்கும் குறைவு. சார்ட்டில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இருக்கிறது. மருந்தின் லேபிள்படி 10-லிருந்து 25 வரை இருந்தால் பாதி டோஸ், அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பாட்டிக்குப் போய்க்கொண்டிருப்பது ஒரு நாளைக்கு மூன்று கிராம், தேவை ஒரு கிராம்.

இரண்டு எச்சரிக்கை. லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் ஈ.ஜி.எஃப்.ஆர். (இதுவும் கிட்னி வேகத்தின் கணிப்புதான்) வேறு சூத்திரத்தில் வருவது, பழைய மருந்துகளின் டோஸ் அட்டவணை பெரும்பாலும் காக்ராஃப்ட்–கால்ட்டை வைத்துப் போட்டது, இரண்டையும் கலக்காதீர்கள். அப்புறம், கடுமையான தொற்றோடு வந்த முதல் ஓரிரு நாளில் ஆன்டிபயாடிக் டோஸைக் குறைக்க அவசரப்படாதீர்கள். கிட்னி சீக்கிரமே தேறிவிடலாம், மருந்து பற்றாமல் போனால் அதைவிடப் பெரிய சிக்கல். இதில் நானே மாட்டிய கதை கடைசியில் வருகிறது.

தப்பு ஒண்ணு கண்ணுல பட்டா டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு.

சில பேர் திட்டத்தான் செய்வார்கள். யாரிடம், எப்போது, எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் பாதி இருக்கிறது. சீஃப் முன்னால், பத்து பேர் நடுவில், 'சார் இது தப்பு' என்றால் விஷயம் சரியாகவே இருந்தாலும் எடுபடாது. அந்த யூனிட்டில் மேற்படிப்பு படிக்கும் டாக்டரான பி.ஜி.யிடம் தனியாகப் போங்கள், ரவுண்ட்ஸுக்கு முன்னால் போனால் இன்னும் நல்லது, அவர் தன் வாயாலேயே சீஃபிடம் சொல்லிக்கொள்ளட்டும். பெயர் உங்களுக்குக் கிடைக்காது. பரவாயில்லை.

எனக்கு நடந்தது இது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கும் ஒருவருக்கு நிமோனியா என்று மெரோபெனம் ஆரம்பித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடும், டோஸை ஏற்றினாலும் பெரிதாகப் பிடிக்காது. நான் பி.ஜி.யிடம் போய் 'மேடம், ஒன்பதாம் பெட். வால்ப்ரோயேட்டும் மெரோபெனமும் சேர்ந்து போகுது, லெவல் விழுந்து ஃபிட்ஸ் வரலாம். வேற ஆன்டிபயாடிக் முடியுமா, இல்லைன்னா மெரோபெனம் முடியிற வரைக்கும் லெவெட்டிராசெட்டம் சேர்க்கலாமா?' என்று கேட்டேன் (அது வேறொரு வலிப்பு மருந்து). பெட் நம்பர், பிரச்சினை, என்ன ஆகும், மாற்று என்ன. நாலு விஷயம், அரை நிமிஷம். மாற்று இல்லாமல் பிரச்சினையை மட்டும் கொண்டு போனால் அவர்கள் தலையில் இன்னொரு சுமை, அவ்வளவுதான்.

சொல்லியும் கேட்கலைன்னா?

முதலில், அவர்கள் பக்கம் காரணம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் வேறு எந்த மருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம், உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். காரணம் புரிந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

காரணமே இல்லை, ஆபத்து நிஜம் என்றால் உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியரான பிரிசெப்டரிடம் அன்றைக்கே, அப்போதே சொல்ல வேண்டும். நாளைக்கு கேஸ் டிஸ்கஷனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் இப்படி ஓடவும் கூடாது. வார்டில் பாதிப் பேருக்குத் தேவையில்லாமல் பான்டோப்ரசோல் என்ற அசிடிட்டி மருந்து ஓடிக்கொண்டிருக்கும், அதற்காகத் தினமும் சண்டை போட்டால் மெரோபெனம் விஷயத்தன்று உங்கள் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பான்டோப்ரசோலை டிஸ்சார்ஜ் அன்று பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்கு வருஷக்கணக்கில் போகாமல் தடுத்தாலே போதும்.

சிஸ்டர்ஸ் எங்களை வார்டுல இடைஞ்சலாத்தான் பார்க்கிறாங்க. என்ன பண்றது?

அவர்களுக்கு உதவுங்கள், வேறென்ன? முப்பது நோயாளிக்கு இரண்டு சிஸ்டர் இருக்கிற வார்டில் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காணாமல் போகிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? எடுத்த இடத்தில் வைத்தாலே பாதிப் பகை போய்விடும்.

ஊசி மருந்துகளை எதில் கலப்பது என்று ஒரு தாள் தயார் செய்து ஊசி கலக்கும் மேஜைக்கு மேலே ஒட்டிப் பாருங்கள். ஃபெனிட்டோயினை நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் விட்டால் படிகமாகிவிடும். ஆம்ஃபோடெரிசின் பி நேர் எதிர், ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான், சலைன் பட்டால் திரிந்துவிடும். செஃப்ட்ரையாக்சோனை ரிங்கர் லாக்டேட்டோடு ஒரே லைனில் கலந்து விடக்கூடாது. நான் ஒட்டிய தாள் மூன்று வருஷம் கழித்துப் போனபோதும் அங்கேயே இருந்தது, மேலே யாரோ லேமினேட் செய்திருந்தார்கள்.

குழந்தைகள் வார்டு ரொம்ப பயமுறுத்துது. எல்லாம் சின்னச் சின்ன டோஸா இருக்கே?

பயம் நல்லது, அங்கே அது வேண்டும். எடை இல்லாத டோஸ் டோஸே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்தது மருந்தின் அடர்த்தி. பத்து கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 150 மி.கி. அது 125 சிரப்பில் (5 மி.லி.யில் 125 மி.கி.) 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி., டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி.தான், ஏனென்றால் டிராப்ஸில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கிறது. 'காய்ச்சல் மருந்து 5 மி.லி. கொடுங்க' என்று ஃபோனில் யாரோ சொன்னதைக் கேட்டு டிராப்ஸை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., ஒரு பெரியவருக்கான மாத்திரை. அதனால் அம்மாக்களிடம் பேசும்போது பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அளவு சொல்ல வேண்டும்.

ஐ.சி.யூ. போஸ்டிங்ல எங்களுக்கு ஒண்ணுமே புரியாதுன்னு சீனியர்ஸ் சொல்றாங்களே?

முதல் வாரம் புரியாது. இரண்டே நோயாளியை எடுத்துக்கொண்டு, ஓடுகிற ஒவ்வொரு இன்ஃப்யூஷனும் என்ன, ஏன், எந்த வேகத்தில் என்று மட்டும் பாருங்கள். பாக்கி தானாக வரும்.

கவுன்சலிங்ல என்ன பேசணும்னே தெரியலை. லீஃப்லெட்டைப் படிச்சுக் காட்டினா தலையாட்டிட்டுப் போயிடறாங்க.

தலையாட்டினால் புரியவில்லை என்று அர்த்தம். நீங்கள் பேசுவதைக் குறைத்துவிட்டு 'வீட்டுல எப்படிப் போடுவீங்க, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க' என்று கேளுங்கள். அப்போதுதான் தெரியும், இன்ஹேலரில் போட வேண்டிய கேப்சூலை அந்த அய்யா ஆறு மாதமாகத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்று. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரிடம் 'கீரையே சாப்பிடாதீங்க' என்று சொல்லாதீர்கள், முருங்கைக்கீரை இல்லாத வீடு எது? ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று ஏற்ற இறக்கம் வேண்டாம், எப்போதும் போல அளவாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

இன்சுலினில் சிரிஞ்சைக் கட்டாயம் பாருங்கள். நம்மூரில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு, சிரிஞ்சும் அதே மாதிரி இரண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 பாட்டில் வைத்திருக்கிற ஒருவர், கடையில் கொடுத்தார்கள் என்று ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சுகர் இறங்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். திருப்பிப் போட்டால் இன்னும் மோசம், 100 பாட்டிலைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட், ஆள் மயங்கி விழுவார். 'மருந்து கேட்கலை' என்று வருகிற சர்க்கரை நோயாளியிடம் நான் முதலில் கேட்பது, 'ஊசியோட மூடி என்ன கலரும்மா?'

ஏ.டி.ஆர். மாசத்துக்கு இத்தனைன்னு டார்கெட் வச்சிருக்காங்க. கிடைக்கலைன்னா என்ன பண்றது, நாமளே ஒண்ணு…?

வேண்டாம். ஏ.டி.ஆர்., அதாவது மருந்தால் வரும் பாதகமான விளைவைத் தெரிவிக்கும் அந்த ஃபார்ம் உங்கள் லாக் புக்கோடு நிற்பதில்லை, 2010-இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தொகுப்புக்குப் போகிறது. 2011 முதல் அதன் தலைமை மையம் காஜியாபாத்தில் இருக்கும் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன். அங்கிருந்து உலக சுகாதார அமைப்பின் உப்சாலா மையம் வரை போகும். நீங்கள் கற்பனையில் எழுதிய தடிப்பு நிஜமான ஒரு மருந்தின் கணக்கில் ஏறும்.

அதுவும் தேவையே இல்லை, உண்மையானது நிறையக் கிடைக்கும், தேடும் இடம்தான் மாற வேண்டும். சார்ட்டில் திடீரென்று ஒரு மருந்து நிறுத்தப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஏவில், ஹைட்ரோகார்டிசோன் மாதிரி அலர்ஜி மருந்து புதிதாக ஏறியிருந்தால் எதற்கென்று பாருங்கள். பொட்டாசியம் சட்டென்று மாறியிருந்தால் பாருங்கள். கிடைத்ததும், மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போடும் நராஞ்ஜோவின் பத்துக் கேள்விகளையும் போட்டுப் பாருங்கள், 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி, 5 முதல் 8 என்றால் அநேகமாக, 1 முதல் 4 என்றால் இருக்கலாம். பெரும்பாலும் 'இருக்கலாம்' என்றுதான் வரும். அதையே அனுப்புங்கள், நிரூபிக்க வேண்டியது நம் வேலை இல்லை, சந்தேகம் இருந்தால் போதும். நோயாளியே தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

பேஷன்ட் 'டாக்டர், இந்த மாத்திரையை நிறுத்திடலாமா'ன்னு எங்ககிட்டயே கேட்கிறாங்க. பதில் சொல்லலாமா?

'உங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லி, நிஜமாகவே கேட்டு வந்து சொல்லுங்கள். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் நம் அதிகாரத்தில் இல்லை. சின்ன விஷயம், பதில் எனக்கே தெரியும் என்று தோன்றினாலும் இல்லை. மேலே பி.ஜி.யிடம் போகும் வழியைச் சொன்னேனே, இதற்கும் அதே வழிதான்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு நீங்கள் யார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். 'நான் மருந்துகளைப் பார்க்கிற கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட், உங்க டாக்டரோட சேர்ந்து வேலை பார்க்கிறேன்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஸ்டைபண்ட் எவ்வளவு வரும்?

இடத்துக்கு இடம் வேறு, சில இடங்களில் வராது. சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட்டு நான் கேட்காமல் விட்டேன், பஸ் காசுக்கு வருஷம் முழுக்க அப்பாவிடம் நின்றேன்.

அமெரிக்காவுல ரெசிடென்சின்னு சொல்றாங்களே, நாம பண்றதும் அதுதானே? அங்க போனா கணக்குல எடுத்துப்பாங்களா?

பெயர்தான் ஒன்று. அங்கே ஃபார்ம்.டி கடைசி வருஷத்திலேயே வார்டு சுழற்சிகள் உண்டு, குறைந்தது 1,440 மணி நேரம். நம் ஆறாம் வருஷத்துக்கு ஒப்பு அதுதான். ரெசிடென்சி என்பது பட்டம் வாங்கியதற்குப் பிறகு, விருப்பப்பட்டவர்கள் சம்பளத்தோடு செய்வது. முதல் வருஷம் பொதுவானது, வேண்டுமென்றால் இரண்டாம் வருஷம் புற்றுநோய், தீவிர சிகிச்சை என்று ஒரே துறையில். இடம் கிடைப்பது 'மேட்ச்' என்ற பொது ஒதுக்கீட்டில்.

நம் பட்டத்தோடு போகிறவர்கள் முதலில் எஃப்.பி.ஜி.ஈ.ஈ. (வெளிநாட்டில் படித்த ஃபார்மசிஸ்ட்களுக்கான தேர்வு), ஆங்கிலத் தேர்வு, அங்கேயே பயிற்சி மணி நேரம், அப்புறம் உரிமத்துக்கான நாப்ளெக்ஸ் தேர்வு என்று ஏற வேண்டும். 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு இருந்தால்தான் அந்த முதல் தேர்வுக்கே தகுதி, நாலு வருஷ பி.ஃபார்ம் மட்டும் போதாது, ஃபார்ம்.டி அங்கே உதவும். வார்டில் செய்ததைப் பெரும்பாலும் மணிக்கணக்காக அங்கே கழித்துக்கொள்ள முடியாது, இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

நான் சொன்ன டோஸை டாக்டர் எழுதிட்டார். அப்புறம் பார்த்தா என் கணக்குத்தான் தப்பு. இப்ப என்ன பண்றது?

ஃபோனை எடுங்கள். நோயாளிக்கு அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து அதற்கு முன்னால் டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும், பிரிசெப்டருக்கு அடுத்த ஃபோன். நோட்டில் பழைய வரியை அடித்துத் திருத்தாமல், கீழே நேரம் போட்டுப் புதிதாக எழுதுங்கள்.

எனக்கு நடந்தது ஐந்தாவது வாரத்தில். வயிற்றுப்போக்கோடு வந்தவர், வரும்போது கிரியாட்டினின் 3.1. மூன்றாம் நாள் நான் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருந்த அதே 3.1-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, பிப்பராசிலின்–டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக்கின் டோஸைக் குறைக்கச் சொன்னேன், பி.ஜி. சாரும் நம்பி எழுதிவிட்டார். சாயங்காலம் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது லேப் கம்ப்யூட்டரில் வேறு ஒருவர் ரிப்போர்ட்டைத் தேடினேன், பக்கத்து வரியில் இவர் பெயர், அன்று காலை ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2. இரண்டு நாள் குளுக்கோஸும் சலைனும் ஏறியதில் கிட்னி தேறியிருந்தது. கை நடுங்கியது. ஃபோன் செய்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் 'எட்டு மணி டோஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, மாத்திடறேன். நானும்தான் பார்க்கலை' என்றார்.

அன்றிலிருந்து என் நோட்டில் கிரியாட்டினின் எண்ணுக்குப் பக்கத்தில் ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் இருக்கும். என்னிடம் வருகிற இன்டர்ன்கள் வெறும் எண்ணை எழுதிக் கொண்டு வந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.